இரத்துச் செய்த கூட்டத்தைத் திரும்ப வையுங்கள்: வெள்ளவத்தை மூத்தோர் சங்கமொன்றின் நிர்வாக சபைக்குத் திறந்த மடல்

தலைவர், செயலாளர், பொருளாளர், நிர்வாக சபை உறுப்பினர்கள் அனைவருக்கும்,

மரண சாசனம் (உயில்) எழுதுவது பற்றிச் சட்டத்தரணி ஒருவரைக் கொண்டு நடத்தவிருந்த விளக்கக் கூட்டத்தை இரத்துச் செய்துவிட்டீர்கள். சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் செயலாளர் எழுதிய காரணம் இரண்டு வரி. மூத்தோர் கூடும் இடத்தில் அமங்கலமான பொருள் வேண்டாமெனச் சிலர் கேட்டுக்கொண்டார்களாம். குடும்பங்களுக்குள் வீண் மனக்கசப்பும் வருமாம். அந்தச் சனிக்கிழமைக்கு இப்போது பக்திப் பாடல் நிகழ்ச்சி போட்டிருக்கிறீர்கள். வரவிருந்த சட்டத்தரணி ஒரு சதமும் கேட்கவில்லை, தமிழில் பேசவும் கேள்விகளுக்குப் பதில் சொல்லவும் அரைநாள் ஒதுக்கியிருந்தார்.

இந்த முடிவை வாய்மூடி ஏற்றுக்கொள்ள என்னால் முடியவில்லை. சங்கத்துக்குள் பேசி முடிக்கலாமே என்று கேட்பீர்கள். பேசினேன். "அடுத்த வருசம் பாப்பம்" என்றார்கள். வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் வேறு பல சங்கங்களும் இதே காரணத்தைச் சொல்லி இதே விடயத்தைத் தள்ளிப்போடுவதால் வெளிப்படையாக எழுதுகிறேன். சங்கத்தின் பெயரை எழுதவில்லை. உங்களை அவமானப்படுத்துவது என் நோக்கமில்லை.

நமது சங்கத்தில் மரண சகாய நிதி இருக்கிறது. மாதச் சந்தாவோடு அதற்கும் காசு கட்டுகிறோம். ஒவ்வொரு பொதுக்கூட்டமும் காலமான உறுப்பினர்களுக்கு மௌன அஞ்சலி செலுத்தித்தான் தொடங்குகிறது. ஒருவர் கண்ணை மூடினால் மலர்ச்சாலைக்கு முதலில் போய்ச் சேருவது சங்கத்தின் மலர்வளையம். முப்பத்தோராம் நாளுக்குள் வர்ணப் படங்களும் தேவாரமும் வம்சாவளியும் சேர்த்து நினைவு மலர் அடித்து முடித்துவிடுகிற சமூகம் நாங்கள். இவை எல்லாமே நல்ல காரியங்கள். செத்தவருக்குச் செய்யும் மரியாதையில் அமங்கலம் காணாத சபை, உயிரோடு மிஞ்சியிருப்பவருக்குச் செய்துவைக்க வேண்டிய பாதுகாப்பில் மட்டும் அமங்கலம் காண்பது என்ன நியாயம்?

என் தங்கச்சிக்கு நடந்ததை, அவளின் சம்மதத்தோடு எழுதுகிறேன்.

அவளும் கணவரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொழும்பில் ஊன்றியவர்கள். பிள்ளைகள் இல்லை. கலியாணம் கட்டிப் பல வருடம் கழித்து, இரண்டு பேரின் சேமிப்பையும் அவள் கட்டிவந்த சீட்டுக் காசையும் போட்டு, காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் மூன்றாம் மாடியில் ஒரு பிளாட் வாங்கினார்கள். வீட்டின் உறுதிப் பத்திரம் கணவரின் பெயரில் மட்டும் எழுதப்பட்டது. யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. உறுதி எழுதும் நொத்தாரிசின் கந்தோருக்கு அன்று போனவர் அவர், அவ்வளவுதான். அந்த உறுதி பொலித்தீன் உறைக்குள், அலுமாரியில், அவளின் கூறைச் சேலைக்குக் கீழே இருந்தது. "நான் போனால் எல்லாம் உனக்குத்தானே, பிறகேன் எழுதிறது?" என்று அவர் சொல்லிக்கொண்டேயிருந்தார். மாரடைப்பு வந்தது. ஒரு இரவு. அவ்வளவுதான்.

எல்லாம் அவளுக்கு வரவில்லை. சாசனம் எழுதாமல் இறந்தவரின் அந்த வீட்டில் பாதிதான் அவளுக்கு உரித்து. பெற்றோர் ஏற்கனவே காலமானதால் மற்றப் பாதி கணவரின் கூடப்பிறந்தவர்களுக்கு. அவர்கள் நான்கு பேர். மூத்த அக்கா யாழ்ப்பாணத்தில். ஒரு தம்பி ரொறன்ரோவில். இன்னொருவர் இலண்டனில் இருந்து காலமாகிவிட்டார், அவருடைய பங்கு அவரின் பிள்ளைகளுக்குப் போகும். அந்தப் பிள்ளைகளுக்குப் பெரியம்மாவின் பெயர்கூடச் சரியாகத் தெரியாது. கடைசித் தம்பி 2009இல் வன்னியில் காணாமற்போனவர்.

ரொறன்ரோத் தம்பி நல்ல மனிதர். "அண்ணிக்கு எழுதிக் குடுக்கிறன், எங்க சைன் வைக்கோணும்?" என்று கேட்டவர். அவருக்கே, பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டலும் கனடாக் கடவுச்சீட்டில் இன்னொரு எழுத்துக்கூட்டலும் என்பதால், இருவரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடித்து, அதைத் தூதரக வழியாக உறுதிப்படுத்தி அனுப்ப வேண்டி வந்தது. இதெல்லாம் அலைச்சல், செலவு, ஆனால் தீரக்கூடியது. தீராதது காணாமற்போன தம்பியின் பங்கு.

உயிரோடு இருக்கிறாரென்றால் அவரின் கையெழுத்து வேண்டும். இல்லையென்றால் மரணச் சான்றிதழ் வேண்டும். காணாமற்போனவர்களின் இறப்பைப் பதிவுசெய்ய 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் வழி விட்டிருக்கிறது. வடக்கிலும் கிழக்கிலும் எத்தனையோ தாய்மார் அந்தச் சான்றிதழை வாங்க மறுத்தது ஏனென்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. 2016இல் சட்டத்தைத் திருத்தி, இறந்தார் என்று சொல்லாமலே காணவில்லை என்று உறுதிப்படுத்தும் சான்றிதழைக் கொண்டுவந்தார்கள். அதை வைத்து அவருடைய சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிக்கலாம். வீடு விற்கும் உறுதியில் அவருக்காகக் கையொப்பமிடுவது வேறு கதை.

அந்தத் தம்பியின் மனைவி கிளிநொச்சியில் இருக்கிறார். தங்கச்சியும் நானும் போனோம். தேத்தண்ணி தந்தார், பிள்ளையின் படிப்பைப் பற்றிக் கதைத்தார். விடயத்தைச் சொன்னதும் கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அக்கா, நான் பொட்டை அழிச்சால்தான் உங்கட வீடு விடுபடும் எண்டால், என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ." நெற்றியில் குங்குமம் இருந்தது. அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. என் தங்கச்சி அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அங்கே எடுக்கவில்லை, எடுக்க நானும் விடவில்லை.

சபையினரே, இங்கேதான் உங்களைக் கொஞ்சம் நிறுத்தி யோசிக்கச் சொல்கிறேன். வெள்ளவத்தையில் ஒரு மனிதர் ஒரு பக்கம் எழுதாமல் விட்டதால், கிளிநொச்சியில் இருக்கும் ஒரு பெண்ணிடம், உன் கணவன் இறந்துவிட்டான் என்று கையெழுத்து வை என்று கேட்கப் போக வேண்டிவந்தது. அவர் அந்த ஒரு பக்கத்தை எழுதியிருந்தால் அந்தத் தம்பியின் கையெழுத்து யாருக்கும் தேவைப்பட்டிருக்காது. இப்படி யாராவது காணாமற்போன அல்லது எல்லாத் தேசங்களிலும் சிதறிப்போன உறவு இல்லாத குடும்பம் நமது சங்கத்தில் எத்தனை? விரல்விட்டு எண்ணுங்கள்.

தங்கச்சிக்கு இப்போது முழங்கால் நோ. லிப்ட் பழுதாகும் நாட்களில் மூன்று மாடி ஏற முடியாது. பிளாட்டை விற்றுத் தெஹிவளையில் என் வீட்டுக்குக் கிட்டக் கீழ்த்தட்டில் ஒரு சின்ன வீடு பார்க்க ஆசைப்படுகிறாள். வரும் தரகர் எல்லோரும் முதலில் கேட்பது "உறுதி கிளியரோ?" என்பதைத்தான். அத்தோடு போய்விடுகிறார்கள். மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் மட்டும் தவறாமல் வருகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே கணவர் வங்கியில் நிலையான வைப்பு வைத்திருந்தார். படிவத்தில் பின்னுரித்தாளி, அதாவது தனக்குப் பிறகு பணத்தைப் பெறுபவர், என்ற இடத்தில் மனைவியின் பெயரை எழுதியிருந்தார். மரணச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் கொடுத்தாள். சில கிழமைகளில் பணம் கைக்கு வந்தது. யாரிடமும் கெஞ்சவில்லை. ஒரே மனிதர், ஒரே மனைவி, ஒரே சாவு. எழுதிய இடத்தில் காசு வந்தது, எழுதாத இடத்தில் வழக்கு வந்தது.

நமது உறுப்பினர்களில் பெரும்பாலானோர் இதில் எதையும் அறியமாட்டார்கள். அவர்கள் படிக்காதவர்கள் என்பதால் இல்லை, யாரும் சொல்லித்தராததால். "கொழும்புக்கு வந்தாச்சு, தேசவழமை எங்களுக்கில்லை" என்று நினைப்பவர்கள் அனேகம். தேசவழமை என்பது யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டம். ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் கொண்டுவந்த அந்தச் சட்டம் யாழ்ப்பாணத் தமிழரோடு கூடவே வருகிறது. வெள்ளவத்தை முகவரி வந்ததும் அது விட்டுப்போவதில்லை. முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடிய தேட்டம் (கலியாணத்துக்குப் பின் தேடிய சொத்து) என்ற பாகுபாடு இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. அதே மாடியில் எதிர்வீட்டில் இருப்பவர் மலையகத்திலிருந்து வந்தவரென்றால் அவருக்கு 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் என்ற பொதுச்சட்டம். கீழ்வீட்டு முஸ்லிம் குடும்பத்துக்கு இன்னொன்று. யாருக்கு எது என்று சொல்ல ஒரு சட்டத்தரணி வந்து உட்கார வேண்டும். அந்த ஆளைத்தான் நீங்கள் வரவேண்டாம் என்றீர்கள்.

பெண் உறுப்பினர்களுக்காக இதைத் தனியே சொல்கிறேன். தேசவழமைக்கு உட்பட்ட மனைவி, 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, தன் சொந்தச் சீதனக் காணியை விற்பதற்குக்கூடக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் பெற வேண்டும். அந்தச் சட்டம் எப்போதோ மாறியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் அதே சட்டத்தில், மரண சாசனம் எழுத அவளுக்கு யாருடைய சம்மதமும் தேவையில்லை. நமது சங்கத்துப் பெண்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? நான் கேட்டவர்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கக்கூடிய ஒரே மேடையை மூடியிருக்கிறீர்கள்.

நம் சங்கத்தின் மூத்த ஆசிரியை ஒருவர் காலமானபோது நடந்ததும் உங்களுக்குத் தெரியும். அவரை இறுதிவரை குளிப்பாட்டி, சோறூட்டி, இரவிரவாக விழித்திருந்து பார்த்தவர் ஹற்றன் பக்கத்துப் பெண். "என்ர சங்கிலியும் பாங்கில கிடக்கிறதில கொஞ்சமும் இவவுக்குத்தான்" என்று ரீச்சர் எங்கள் எல்லோர் முன்னாலும் பலமுறை சொன்னார். எட்டுச் செலவு முடிந்த மறுநாள் அந்தப் பெண் ஒரு துணிப்பையோடு கோட்டை ரயில் நிலையத்துக்குப் போனார். உறவினர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். சட்டப்படி அவர்களுக்கு வந்ததை எடுத்தார்கள். வாயால் சொன்னதற்குச் சட்டத்தில் இடமில்லை. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் கேட்பது எழுத்து, கையொப்பம், நொத்தாரிசோடு சாட்சிகள் இரண்டு பேர், நொத்தாரிசு இல்லாவிட்டால் சாட்சிகள் ஐந்து பேர். 1844இல் வந்த சட்டம் தன் சொத்தை விரும்பியவருக்கு எழுதும் சுதந்திரத்தைத் தந்திருக்கிறது, இரத்த உறவு இல்லாதவருக்கும். ரீச்சரின் மனம் நல்லது. அந்த மனத்தைக் கடதாசியில் ஏற்ற உதவி செய்ய அவரைச் சுற்றி நாங்கள் இத்தனை பேர் இருந்தோம்.

இனி, மனக்கசப்பு வரும் என்ற உங்கள் இரண்டாவது காரணம். இதைச் சொன்னவர்களின் பயம் எனக்கு விளங்குகிறது. ஒரு பிள்ளைக்குக் கூட, ஒரு பிள்ளைக்குக் குறைய எழுதினால் முகம் பார்த்துப் பேச மாட்டார்கள் என்ற பயம். அந்தப் பயத்தில் பலர் செய்வது இதைவிட ஆபத்தானது: உயிரோடு இருக்கும்போதே வீட்டை நன்கொடை உறுதியாக எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். சாகும்வரை அந்த வீட்டை அனுபவிக்கும் சீவிய உரித்தைக்கூடச் சிலர் வைத்துக்கொள்வதில்லை. பிறகு மனம் மாறினாலும் அதைத் திருப்புவது லேசில்லை. பிள்ளையின் நன்றிகெட்ட தன்மையை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும், அதற்கென்றே 2017இல் 5ஆம் இலக்கச் சட்டம் என ஒன்று இருக்கிறது. பெற்ற பிள்ளைமேல் அப்படி வழக்கு வைக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்? மரண சாசனம் அப்படியில்லை. எழுதியவர் இருக்கும்வரை வீடு அவருடையது. இன்று எழுதியதை நாளை மாற்றலாம். நமது உறுப்பினர்களுக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருந்தால் இன்று தாங்கள் கட்டிய வீட்டில் ஒரு அறைக்குள் ஒதுங்கி வாழும் இரண்டு மூன்று பேரின் நிலை வேறாக இருந்திருக்கும். யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

வெளிநாட்டில் இருக்கும் மகன் தன் சார்பில் கையெழுத்து வைக்க அற்றோணித் தத்துவம் தந்திருக்கிறான், எனக்கு அது போதும் என்கிறவர்களும் உண்டு. தந்தவர் இறந்த நிமிடமே அந்தப் பத்திரத்தின் அதிகாரமும் முடிந்துவிடும். கலியாணத்துக்கு முன் எழுதிய சாசனமும் கலியாணத்தோடு இரத்தாகிவிடும். மறுமணம் செய்தவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

சாசனம் எழுதினால் நீதிமன்றமே தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. அதை நிறைவேற்றுபவர் புதுக்கடைக்குப் போய் நீதிமன்றத்தில் ஒப்புவிக்கத்தான் வேண்டும். ஆனால் இறந்தவரின் விருப்பம் எழுத்தில் இருக்க அங்கே போவதும், ஒன்றுமில்லாமல் உரித்தாளிகளைத் தேடித் தேடிப் போவதும் ஒன்றில்லை. தங்கச்சியோடு தவணைக்குத் தவணை நான் புதுக்கடை போகிறேன். நீண்ட வாங்கில் இருந்துகொண்டு, சிங்களத்தில் வழக்குகளைக் கூப்பிடும்போதெல்லாம் அவள் என் கையைப் பிடித்து "எங்கடயோ அக்கா?" என்று கேட்பாள். கொழும்பில் நீதிமன்ற மொழி சிங்களம். ஆனால் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை தமிழில் மனுவும் ஆவணங்களும் சமர்ப்பிக்கவும், விளங்காதவருக்கு அரசு செலவில் மொழிபெயர்ப்புப் பெறவும் உரிமை தருகிறது. அந்த உரிமையைக் கேட்டுப்பெறத் தெரியாமல் தலையாட்டிக்கொண்டிருக்கும் நமது வயதுக்காரரை ஒவ்வொரு தவணையிலும் காண்கிறேன். சாசனம் எழுதுவதிலும் இதே சிக்கல் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதிய பத்திரத்தில், உள்ளே என்ன இருக்கிறதென்று முழுதாக விளங்காமலே கையெழுத்து வைத்துவிட்டு வந்த உறுப்பினர்கள் நமக்குள் இருக்கிறார்கள். வாசிக்க முடியாதவருக்கு வாசித்து விளக்கிய பிறகுதான் கையொப்பம் வாங்க வேண்டும் என்பது நொத்தாரிசின் கடமை. கேட்டால் செய்வார்கள். கேட்கலாம் என்று தெரிந்தால்தான் கேட்பார்கள்.

சபையிடம் நான் கேட்பவை இவை.

இரத்துச் செய்த விளக்கக் கூட்டத்தை இந்த வருடம் முடிவதற்குள் நடத்துங்கள். பக்திப் பாடல் நிகழ்ச்சியை நிறுத்தச் சொல்லவில்லை, அதற்கும் வருவேன். வேறொரு சனிக்கிழமை காலையைக் கொடுங்கள், இருட்டும் நேரத்தில் வேண்டாம். பேச வருபவர்களில் ஒருவராவது தேசவழமை வழக்குகள் பார்த்தவராக இருக்கட்டும். பொதுச்சட்டத்துக்கு உட்பட்ட மலையக உறுப்பினர்களின் கேள்விகளுக்கும் அதே அளவு நேரம் வேண்டும். தமிழில் சாசனம் எழுதும் நொத்தாரிசு ஒருவரையும் கூப்பிடுங்கள். வசதி குறைந்தவர்களுக்கு உதவ முடியுமா என்று சட்ட உதவி ஆணைக்குழுவுக்குச் சங்கத்தின் கடிதத் தலைப்பில் எழுதிக் கேளுங்கள். கடிதத்தை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

அழைப்பை வீட்டுத் தலைவர் பெயருக்கு மட்டும் அனுப்பாதீர்கள். மனைவிமாருக்கும் கைம்பெண்களுக்கும் அவரவர் பெயரில் தனி அழைப்பு போக வேண்டும். உறுப்பினர்களின் வீட்டில் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்கள் வந்து கேட்க விரும்பினால் கதவு திறந்திருக்க வேண்டும்.

மரண சகாய நிதியின் படிவத்தில் மூன்று கேள்விகளைச் சேருங்கள்: மரண சாசனம் எழுதியிருக்கிறீர்களா, அது யாரிடம் இருக்கிறது, நிறைவேற்றுநர் யார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று சங்கம் கேட்கத் தேவையில்லை. ஆள் போன பிறகு பத்திரம் எங்கே என்று அலுமாரியைக் கிளறும் நிலை வராமல் அந்த மூன்று வரியும் தடுக்கும். வங்கிக் கணக்கிலும் சேமலாப நிதியிலும் பின்னுரித்தாளியின் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும்படியும் அதே படிவத்தில் ஒரு வரி நினைவூட்டுங்கள்.

நிர்வாக சபை உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் தங்கள் சாசனத்தை எழுதுங்கள். எழுதியதை அடுத்த பொதுக்கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள். தலைவர் ஐயா, உங்களில் இருந்து தொடங்கினால் மற்றவர்களின் பயம் பாதி போய்விடும்.

இந்த மடலுக்கு எழுத்தில் பதில் தேவை. பொதுக்கூட்ட அழைப்பு வெளியாகும் முன் பதில் வராவிட்டால், சங்க யாப்பின்படி தேவையான கையொப்பங்களோடு இதைத் தீர்மானமாகக் கொண்டுவருவேன். முதல் கையொப்பம் என் தங்கச்சியுடையது. அவள் ஏற்கனவே போட்டுத் தந்துவிட்டாள்.

இப்படிக்கு,
சங்கத்தின் ஆயுட்கால உறுப்பினர் ஒருவர்
தெஹிவளை